வாசல்நிலை சொன்ன காய்ச்சல்

கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன், இதில் ஒரு சொல்கூட இட்டுக்கட்டியதில்லை.

அப்போது ஊரில் பாதிப் பேருக்கு ஆட்டுக்காய்ச்சல். யாருக்கு எந்த ஆட்டிடமிருந்து வந்தது என்பதை அவரவர் வீட்டு வாசல்நிலையே மோப்பம் பிடித்துச் சொல்லிவிடும்.

இருளாண்டிக்கு ஆடுகள்தான் உயிர். "இந்த வீட்டுல ஒண்ணு ஆடு இருக்கணும், இல்ல நா இருக்கணும்" என்று மனைவி அன்னமயில் பையைத் தூக்கிக்கொண்டு மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். அவர் பின்னாலேயே வாசல்வரை வந்தார். அவள் வாசலைத் தாண்டும்போது நிலை பேசியது.

"அன்னமயிலுக்கு ஆட்டுக்காய்ச்சல். கறுப்பாட்டுக் குட்டியின் வாயிலிருந்து வந்தது."

இருளாண்டி திகைத்தார். "ஆட்டு வாடையே ஆகாதும்ப. குட்டிக்கு முத்தம் குடுத்தியாக்கும்?"

"மூச்சில்லாமப் பெறந்துச்சு. நீங்க சந்தைக்குப் போயிருந்தீக. வாயில வாய் வச்சு ஊதுனேன். அது செத்துப்போனா நீங்க சோறு திங்க மாட்டீகளே."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பையைப் பிடித்தார். "இந்தக் காய்ச்சலோட போனா மகளுக்கு ஒட்டிக்கிரும், புள்ள."

"மனிதரிடமிருந்து மனிதருக்கு அநேகமாக ஒட்டாது" என்றது நிலை.

"ஒன்னைய யாரு கேட்டா?" என்று இருவரும் சேர்ந்து அதட்டினார்கள். அன்னமயில் பையை இறக்கிவைத்தாள்.

இது நடக்க இன்னும் அறுபது வருஷம் இருக்கிறது.