கையை எடுக்காதே

"வால்வு கையோட வந்துடுச்சு நைனா" என்றான் ஜெகன்.

அழகேசன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனார். ஐயப்பன்தாங்கல் டெப்போவிலிருந்து பஸ்கள் கிளம்பும் நேரம். தெருப்பக்கம் நின்றால் ஒன்றும் கேட்காது.

ஜெகன் எட்டு மாதமாக ஒரு பழைய மரப் படகில் மெக்கானிக். வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு, ஆளே இல்லாத தீவுகளைச் சுற்றிவரும் படகு. உப்புக்காற்றில் வாரத்துக்கு ஒன்று கெட்டுப்போகும். தண்ணீர் பம்ப், ஃபிரிட்ஜ், ஒருநாள் கக்கூஸ். அடிப்பலகையில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுவது, மழைத்தண்ணீர் பிடித்துத் துணி துவைப்பது, கிடைத்த மீனைக் குழம்பு வைப்பது எல்லாம் அவன் வேலைதான்.

எது ஓடவில்லை என்றாலும் சாட்டிலைட் இன்டர்நெட்டில் அப்பாவைக் கூப்பிடுவான். அழகேசன் ஆவடி ஃபேக்டரியில் ராணுவ டாங்கி எஞ்சினோடு முப்பத்து நாலு வருடம் இருந்து ரிடையர் ஆனவர். கடலில் கால் நனைத்ததோடு சரி. ஆனாலும் அந்த போன்களுக்காகக் காத்திருப்பார்.

இன்றைக்கு வந்தது அப்படிப்பட்ட போன் இல்லை.

எஞ்சினைக் குளிரவைக்கக் கடல்தண்ணீர் வரும் குழாய் பிய்ந்துவிட்டது. அடைக்கலாம் என்று வால்வைத் திருகினால் அதுவும் உடைந்துவிட்டது. படகின் அடியில் இப்போது கை நுழையும் அளவுக்கு ஓட்டை.

"துணியச் சுருட்டி உள்ள தள்ளு. தள்ளிட்டுக் கைய எடுக்காத."

ஜெகன் துண்டைத் திணித்து இரண்டு கையாலும் அழுத்தினான். எஞ்சின் இருப்பது தளத்துக்கு அடியில், படுத்துக்கொண்டுதான் உள்ளே போகமுடியும். போனை ஸ்பீக்கரில் போட்டுத் தலைமாட்டில் வைத்திருந்தான்.

தண்ணீர் குறைகிறது என்றான்.

அழகேசன் சிரித்துவிட்டார். பயந்துபோய் வந்து நின்ற மருமகள் தேவிப்பிரியாவிடம் ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினார்.

"மரம் இத்துப்போய்கீது நைனா. அழுத்த அழுத்தச் சுத்திலும் உடையுது."

படகில் எட்டுப் பேர். ரப்பர் படகு ஒன்றுதான். பாதிப் பேரை ஏற்றிக்கொண்டு அது தீவுக்குப் போயிருந்தது. மேலே மூன்று பேர் மிதவைச் சட்டையோடு காத்திருந்தார்கள். தண்ணீரில் குதிக்கமுடியாது. நீரோட்டம் தீவுக்கு எதிர்ப்பக்கமாக இழுத்தது. ரப்பர் படகு திரும்பும்வரை இது மிதந்தாக வேண்டும்.

அழகேசன் கத்தினார்.

"உட்டுட்டு மேல ஏறு. ஜெகா, கேக்குதா? ஏறுடா!"

தேவிப்பிரியா அவர் முழங்கையை இறுகப் பிடித்தாள்.

"இன்னாத்துக்குக் கத்துற? மேல வந்துட்டேன். ரப்பர் போட்டும் வந்துடுச்சு" என்றான் ஜெகன்.

அழகேசன் போனை இன்னும் காதோடு அழுத்திக் கேட்டார். பிறகு போனை அவளிடம் நீட்டினார்.

"மேல வந்துட்டானாம். பேசும்மா."

அவள் முதலில் அழுதாள். அப்புறம் திட்டினாள். போதும் இந்த வேலை, ஊட்டுக்கு வந்து சேருங்க என்றாள். நனைந்த துணியோடு நிற்காதீங்க, தலையைத் துவட்டுங்க என்றாள். அவன் என்னவோ சொல்லியிருக்க வேண்டும். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். அழகேசன் நாலு அடி தள்ளிப்போய் நின்றார்.

நாலைந்து நிமிடம் இருக்கும்.

"சிக்னல் போயிடுச்சு மாமா" என்று முகத்தைத் துடைத்தபடி வந்து போனைச் சார்ஜில் போட்டாள். அவருக்கு டீ வைக்கப் போனாள்.

சாயங்காலம் படகின் வெளிநாட்டுக் கேப்டன் கூப்பிட்டார். ஏழு பேர் கரை சேர்ந்துவிட்டார்கள். கடைசி ஆளை ஏற்றிவிட்டு ஜெகனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவன் வெளியே வருவதற்குள் படகு மூழ்கிவிட்டது.

"அவரு மேல வந்துட்டாரு. நான் பேசினேன். என்கிட்ட பேசினாரு" என்று தேவிப்பிரியா அந்த வெளிநாட்டுக்காரரிடம் தமிழிலேயே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அழகேசன் அவளைத் திருத்தவில்லை.

மேலே நிற்கிறவன் பேசினால் கூடவே காற்று கேட்கும். பக்கத்தில் இருப்பவர்களின் பேச்சு கேட்கும். ஜெகன் பேசியது குடத்துக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தது. வார்த்தைக்கு வார்த்தை அவன் வாயருகே தண்ணீர் தளும்பியது.

அதைக் கேட்ட பிறகுதான் அவர் போனை அவளிடம் கொடுத்தார்.