உதவி கேட்கும் முறை

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பின் ஜன்னலை ஒட்டி ஒரு புங்க மரம். அதில் குடியிருந்த கிளி, பாடத்தையெல்லாம் ஒட்டுக்கேட்டே பெரிய படிப்பாளி ஆகிவிட்டது. ஒருநாள் அறுந்து வந்த பட்டத்து நூல் அதன் காலைக் கிளையோடு சேர்த்துச் சுற்றிவிட்டது. பக்கத்துக் கிளை அணில் பதறி ஓடி வந்தது.

"அசையாம இரு. கடிச்சு விட்டுடறேன்."

கிளி முறைத்தது. "இரு, இரு. உதவின்னா நான்தான் முறையாக் கேட்கணும். 'கேன் யூ'ன்னா உனக்குப் பல் இருக்கான்னு சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடும். 'வில் யூ'ன்னா அதிகாரம் பண்ற மாதிரி. 'குட் யூ'ன்னு வேணா கேட்கலாம்..."

"எதையாவது கேட்டுத் தொலையேன்! கீழே பாரு, பூனை ஏறுது!"

"'வுட் யூ'ன்னா இன்னும் பணிவு. ஆனா நமக்குள்ள அவ்வளவு பணிவு தேவையா?"

பூனையின் மீசை தெரிந்தது. அணில் தலையில் அடித்துக்கொண்டு, கேட்காமலேயே நூலைக் கடித்தது. இரண்டும் உச்சிக் கொம்புக்குத் தாவின. பூனை பாதி மரத்தில் உட்கார்ந்துகொண்டு பாதத்தை நக்கியது.

மூச்சு வாங்கிய அணில், ஒரு நன்றியாவது வருமா என்று பார்த்தது.

கிளி தொண்டையைச் செருமியது. "நீ மட்டும் கடிக்காம இருந்திருந்தா, நான் செத்திருப்பேன்... இல்ல, செத்திருக்கலாம்... இதுல எது சரி?"

"எனக்கென்ன தெரியும்?" என்றது அணில். "அதோ பாதி மரத்துல உட்கார்ந்திருக்காளே பூனை, அவளுக்குத்தான் தெரியும். இறங்கிப் போய்க் கேட்டுட்டு வா. நீ எப்படிக் கேட்டாலும் கோவிச்சுக்க மாட்டா."