பூப்போட்டுப் பார்த்த சம்பந்தம்

"கூத்தாடி வீட்டுல பொண்ணு எடுக்குற பழக்கம் எங்க வம்சத்துலயே கெடையாதுங்க" என்றார் திருமலைச்சாமி. கொடைக்கானல் மேல்மலையில் இருக்கும் போளூரில் பத்து தலைமுறையாகப் பூண்டு போடுகிற குடும்பம். குரலிலேயே காரம் இருந்தது.

கொடைக்கானலிலிருந்து காலைப் பனியில் பஸ் பிடித்து வந்திருந்த சுவாமிநாதன், மூக்குவரை சுற்றிய மப்ளரோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். வயது எழுபத்திரண்டு. அவர் வளர்த்த பேத்தி ரோகிணிக்கும் திருமலைச்சாமியின் மகன் ஆனந்துக்கும் மனசு ஒத்துப்போய் ஒரு வருஷம் ஆகிறது. "நீங்களே போய்ப் பேசுங்க தாத்தா, வசனம் உங்களுக்குத்தானே வரும்" என்று அனுப்பியிருந்தாள். வந்ததிலிருந்து ஒரு வசனமும் எடுபடவில்லை.

"நான் நடிச்சதெல்லாம் அந்தக் காலங்க. ஏழு வயசுல ஆரம்பிச்சது. இருநூறு படம். வக்கீல், ஜமீன்தார், டாக்டர்... 'இனிமே எல்லாம் ஆண்டவன் கையில'ன்னு மூக்குக்கண்ணாடியைக் கழட்டுவாரே டாக்டர், அதுல பாதிப் பேர் நான்தான்."

"அதுக்கப்புறம்?"

"அப்புறம் டிவி."

அடுப்படியிலிருந்து கரண்டியோடு வெளியே வந்தாள் திருமலைச்சாமியின் மனைவி அன்னக்கொடி.

"குரலக் கேட்டப்பவே நெனச்சேன்! மாசமா இருந்த மருமகள மழையில தள்ளிக் கதவச் சாத்துன மாமனார் நீங்கதான? தாடிய மப்ளர்ல மறைச்சா அடையாளம் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

"அது ஒட்டுத் தாடிம்மா. மழைகூடக் குழாய்த் தண்ணிதான்."

"என்ன தண்ணியா வேணா இருக்கட்டும். அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல."

ஆனந்த் விட்டத்தைப் பார்த்தான். அங்கே பூண்டுக் கொத்துகள்தான் தொங்கிக்கொண்டிருந்தன. அவனுக்கு உதவ அவற்றாலும் முடியாது.

திருமலைச்சாமி துண்டை உதறி எழுந்தார். "சரி, பெரியவர் மலையேறி வந்துட்டீங்க. எங்க வீட்டுல வெதைக்கிறதுக்கே சாமிகிட்ட பூக்கேட்டுத்தான் வெதைப்போம். இதையும் கேட்ருவோம். வெள்ளைப் பூ வந்தா சம்பந்தம். செவப்பு வந்தா நீங்க வந்த வழியே போயிரணும். சம்மதமா?"

வேறு வழி? சுவாமிநாதன் தலையாட்டினார்.

சாமி அலமாரியில் பெரிய கண்ணாடிச் சட்டத்துக்குள் பால முருகன், வேலோடும் மயிலோடும் சிரித்துக்கொண்டிருந்தான்.

"எங்கப்பா பழனி சந்நிதி வீதியில வாங்குனது" என்றார் திருமலைச்சாமி பெருமையாக. "இந்தப் படம் வீட்டுக்கு வந்த வருசந்தான் எங்க கெணத்துல தண்ணி வந்துச்சு."

அன்னக்கொடி விளக்கேற்றிவிட்டு, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். முருகனின் இடது கன்னத்துப் பக்கம் மட்டும் அழுத்தித் துடைத்தாள். "இந்த ஈப்புள்ளி போகவே மாட்டேங்குது. கட்டிக்கிட்டு வந்த நாளா நானும் தொடைக்கேன்."

எல்லோரும் கைகூப்பினார்கள். சுவாமிநாதன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏன் பெரியவரே, கும்பிட மாட்டீங்களா?"

"கொஞ்சம்... கூச்சமா இருக்குங்க."

"இருநூறு படம் நடிச்சவருக்குக் கூச்சம்! பாத்தியா அன்னம்? சாமி பயம் இல்லாத குடும்பம். இதுக்குத்தான் வேண்டாங்கறேன்."

போச்சு, என்று நினைத்துக்கொண்டார் சுவாமிநாதன். ரோகிணியின் முகத்தில் எப்படி விழிப்பது?

"எதிரியா இருந்தாலும் காப்பி குடுக்காம அனுப்புனா பாவம். இந்தாங்க" என்று டம்ளரை நீட்டினாள் அன்னக்கொடி.

அவர் மப்ளரைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, ஆற்றி ஆற்றிக் குடித்தார். நிமிர்ந்தால், அன்னக்கொடி அவரையே முறைத்துக்கொண்டிருந்தாள். மழையில் நின்ற மருமகள் இன்னும் அவள் கண்ணை விட்டுப் போகவில்லை போலிருக்கிறது. அவர் குனிந்துகொண்டார்.

"ஏத்தா, என்ன செலையா நிக்க? வெரசாப் பூவக் கட்டிட்டு வா. எனக்குக் காட்டுல சோலி கெடக்கு" என்று திருமலைச்சாமி ஒரு அதட்டுப் போட்டார்.

அன்னக்கொடி கொல்லைக்குப் போனவள், வாழையிலையில் மடித்து நூல் சுற்றிய இரண்டு பொட்டலங்களோடு வந்தாள். அவற்றைப் படத்தின் முன்னால் வைத்தாள்.

"நானே எடுக்கேன். அப்பத்தான் நாளைக்கு ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல முடியாது." திருமலைச்சாமி கண்ணை மூடிக்கொண்டு வலது பொட்டலத்தைத் தொட்டார். என்ன தோன்றியதோ, அதை விட்டுவிட்டு இடது பக்கத்தை எடுத்தார்.

நூலைப் பிரித்தார். வெள்ளைச் செவ்வந்தி!

திருமலைச்சாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "முருகனே சொல்லிட்டான். இதுக்கு மேல பேச நான் யாரு? உக்காருங்க சம்பந்தி!" நல்ல மனுஷன். தோற்றதற்குக் கொஞ்சமும் வருத்தமில்லாமல், சம்பந்திக்கு ஒரு மூட்டைப் பூண்டு எடுத்துவரக் கிடங்குக்கு ஓடினார். ரோகிணிக்கு போன் போட, சிக்னல் கிடைக்கிற பாறைக்கு ஓடினான் ஆனந்த்.

அன்னக்கொடி வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, மிச்சமிருந்த பொட்டலத்தை எடுத்து சுவாமிநாதன் கையில் வைத்தாள்.

அவர் பிரித்தார். அதிலும் வெள்ளைச் செவ்வந்தி.

"தாயி... இது?"

அன்னக்கொடி அவருடைய இடது கன்னத்து மச்சத்தைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினாள். "முப்பது வருசமா நான் தொடைச்ச புள்ளி, ஒட்டுத் தாடிக்குள்ள ஒளிஞ்சு கெடந்திருக்கு. ஏழு வயசுல முருகன் வேசங்கட்டி வேலப் புடிச்சுக்கிட்டு நின்னது நீங்கதான? ஆளே நேர்ல வந்து பொண்ணு தாரேன்னு நிக்கையில, படத்துக்கிட்ட எதுக்குங்க கேக்கணும்?"