எட்டாம் எண்ணின் முதுகு

மூன்றாண்டுகளாக எபினேசர் அல்லியின் முதுகை மட்டுமே படமெடுத்து வந்தார். ஞாயிறுதோறும் நகராட்சித் திடலில் மகளிர் கபடி நடக்கும். கோட்டோரம் அமர்ந்து படம் பிடித்து உள்ளூர் நாளிதழுக்கு அனுப்புவார். எட்டாம் எண் சட்டை அணிந்த அல்லியோ, தையல் வகுப்பென்று மாமியாரிடம் சொல்லிவிட்டு ஆட வருகிறவள். முகம் அச்சேறினால் அவள் ஆட்டம் அன்றோடு முடியும். தோற்ற ஆண் மீசை முறுக்கலாம், வென்ற பெண் முகம் மறைக்க வேண்டும் என்றால் இது எந்த ஊர் நீதி என்று அவர் நெஞ்சு கொதிக்கும். ஆயினும் முகத்தை எடுப்பதில்லை என்று அவளுக்குக் கொடுத்த வாக்கை மதித்து, அவள் திரும்பும் கணத்தில் கேமராவைத் தாழ்த்திவிடுவார்.

இன்று கோப்பையை வென்றதும், அவள் புழுதியோடு நேரே அவர் முன் வந்து நின்றாள்.

"அண்ணே, மூஞ்சிய எடுங்க."

"வீட்ல பார்த்தா?"

"பார்த்துட்டாங்கண்ணே! பேப்பர விரிச்சு வச்சுக்கிட்டு, 'வாராவாரம் எண்ணெய் தேச்சு விடுறவளுக்கு உன் முதுகு தெரியாதாடி'ன்னாங்க அத்தை. எனக்கு உசுரே போயிருச்சு. அடுத்த நிமிசம், 'மூஞ்சிய எடுக்கத் தெரியாத கூறுகெட்டவன் எவன்டி'ன்னு உங்களத்தான் திட்டுனாங்க!"

எபினேசர் வாய்விட்டுச் சிரித்தார். மூன்றாண்டு அச்சம் நெஞ்சை விட்டு இறங்க, கேமராவை உயர்த்தினார். உயர்த்திய கணமே, பழகிப்போன அவள் உடல் தானாகச் சுழன்று அவருக்கு முதுகைக் காட்டியது.

"ஏய், இந்தப் பக்கம் திரும்புடி!" என்று அணியே கூச்சலிட்டது.

அவர் கேமராவைத் தாழ்த்தவில்லை. சிரிப்பில் குலுங்கிய அந்தத் தோள்கள் மெல்லத் திரும்பத் தொடங்கின.