நாற்பத்தோராம் பக்கம்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஏழு பேர். துறைத்தலைவர், வழிகாட்டிப் பேராசிரியர், விருந்தினராக வந்திருந்த செய்தி இணையதளத்தின் ஆசிரியர், வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா, ஆய்வுக் கட்டுரை எழுதிய மாணவி, கடைசி நாற்காலியில் அவளுடைய அண்ணன், டீ கொண்டுவந்த உதவியாளர்.

மேசையில் கட்டுரையின் பிரதிகள் நான்கு. பெரியவர்கள் நால்வருக்கும் பத்து நாள் முன்பே கொடுத்தவை.

"பிரமாதம்!" என்று ஆரம்பித்தார் ஆசிரியர். "ஒரு எழுத்து விடாம படிச்சேன். இணையத்துல செய்தியைப் பகிர்ந்த முந்நூத்திப் பன்னிரண்டு பேரை விசாரிச்சிருக்கா. அதுல இருநூத்தி அறுபத்தெட்டு பேர் மூணாவது பத்தியையே தாண்டலையாம்!"

அந்த இரண்டு எண்களும் முதல் பக்கச் சுருக்கத்திலேயே இருந்தன.

"நானும் ஒரே மூச்சுல முடிச்சேன். கீழே வைக்க மனசு வரல" என்றார் துறைத்தலைவர்.

"என் மேற்பார்வையாச்சே" என்றார் வழிகாட்டி.

ஆசிரியர் மாணவியைப் பார்த்து, "இன்னைக்கு நீ தேறிட்டா திங்கட்கிழமையே எங்க ஆபீஸுக்கு வந்துடும்மா. வேலை தயார்" என்றார். இந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் அண்ணன் அரைநாள் விடுப்புப் போட்டு வந்திருந்தான்.

கையெழுத்துத் தாள் மேசையைச் சுற்றி வந்தது. மூன்று கையெழுத்து விழுந்தது. நாலாவது இடத்தில் நின்றுவிட்டது.

"நான் போட மாட்டேன்" என்றார் தேர்வாளர் அம்மா.

நாற்பது வருடம் அச்சுப் பத்திரிகையில் பிழை திருத்தியவர். மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'சிவப்பு மை'.

"ஏன் மேடம்?" என்றார் துறைத்தலைவர்.

"கடைசி அட்டவணையில ஒரு கட்டம் காலி."

"ஒரு கட்டம்தானே? அப்புறம் நிரப்பிக்கலாம்."

"கீழே என்ன எழுதியிருக்கு? 'தேர்வு நாளன்று நிரப்பப்படும்.' இன்னைக்குத்தானே தேர்வு? நிரப்பச் சொல்லுங்க. இல்லன்னா ஆறு மாசம் கழிச்சு மறுபடி வரட்டும்."

"இந்த அம்மாவுக்கு என் தங்கச்சி மேல அப்படி என்ன கோபம்?" அண்ணன் உதவியாளரிடம் முணுமுணுத்தான்.

"எப்பவுமே இப்படித்தான் தம்பி. ஒரு புள்ளி விட்டுப்போனாக்கூட விடாது."

மாணவி எழுந்தாள். மூன்று பேரும் முழுக்கப் படித்ததாகச் சொல்லிக் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. அந்தக் கட்டத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினால் திங்கட்கிழமை வேலை போனாலும் போகும். அண்ணன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

"இந்தக் கட்டுரையை முழுசாப் படிச்சவங்க எத்தனை பேர்ங்கிறதுதான் அந்தக் கட்டம் சார்" என்றாள். "நாற்பத்தோராம் பக்கம், ரெண்டாவது பத்தியில ஒரு வேண்டுகோள் வச்சிருந்தேன்."

"பார்த்தேனே! ரொம்ப நியாயமான வேண்டுகோள்" என்றார் ஆசிரியர்.

"மேலிடத்துக்கே எழுதிடலாம்" என்றார் துறைத்தலைவர்.

"நான்தான் வைக்கச் சொன்னேன்" என்றார் வழிகாட்டி.

மாணவி அந்தப் பக்கத்தைப் பிரித்து வாசித்தாள்: "இதுவரை பொறுமையாகப் படித்தவர், கீழே உள்ள என் எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் மட்டும் கொடுக்கவும்."

துறைத்தலைவர் அவசரமாகத் தன் பிரதியைப் புரட்டினார்.

"அதான்... கொடுத்தேனே" என்றார் ஆசிரியர்.

"நானும்தான்" என்றார் துறைத்தலைவர்.

"சிக்னல் கிடைச்சுதோ என்னவோ" என்றார் வழிகாட்டி.

"பத்து நாள்ல வந்தது ஒண்ணே ஒண்ணு சார். போன புதன்கிழமை காலையில. யாரோட எண்ணுன்னு எனக்குத் தெரியாது."

சொல்லிவிட்டு, அந்த எண்ணை அழுத்தினாள்.

மேசை மேல் மூன்று கைபேசிகள் இருந்தன. மூன்று பேரும் அவரவர் கைபேசியையே பார்த்தார்கள். மூன்றும் ஊமையாகக் கிடந்தன.

சிவப்பு மையின் கைப்பைக்குள் மணி அடித்தது.

அவர் நிதானமாக எடுத்து, அழைப்பைத் துண்டித்தார். "பதிலுக்கு நீயும் மிஸ்டு காலா? சரி, கட்டத்தை நிரப்பு."

மாணவி '1' என்று எழுதினாள். அந்த மை காய்வதற்குள் நாலாவது கையெழுத்து விழுந்தது. முதலில் கைதட்டியது அண்ணன். அடுத்தது, தட்டைக் கீழே வைத்துவிட்டு உதவியாளர்.

துறைத்தலைவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "எல்லாம் தெரிஞ்சும் ஏன் மேடம் ஆறு மாசம்னு மிரட்டினீங்க?"

"மிரட்டலன்னா, உங்க மூணு பேர் முகத்துக்காக இந்தப் பொண்ணு அதைக் காலியாவே விட்டிருக்கும். நல்ல கட்டுரை சார் இது. மூளியாப் போகக் கூடாதுன்னுதான்."

ஆசிரியர் முகம் சிவந்து, பிறகு சிரித்தேவிட்டார். "எங்க தளத்துல எழுத முப்பது பேர் இருக்காங்கம்மா. படிக்கத்தான் ஆளில்ல. திங்கட்கிழமை ஒன்பதரைக்கு வந்துடு."

வழக்கமாகத் தேர்வு முடிந்ததும் பிரதிகளை மேசையிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். அன்று உதவியாளர் மேசையைத் துடைக்க வந்தபோது ஒன்றுகூட இல்லை. நான்கு பேரும் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் மாணவிக்கு இரண்டு மிஸ்டு கால் வந்தது. முதலில் ஆசிரியர். அடுத்து துறைத்தலைவர்.

மீதி ஒருவர்.