டப்பாவில் இருந்த படிகம்

ஷிப்ட் முடிந்து சுரங்க வாசலில் சோதனை. துளை மெஷின் ஓட்டுகிறவரின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த காவலாளி, துண்டில் சுற்றியிருந்த கல்லை எடுத்துக்கொண்டு போய் மேனேஜர் மேஜையில் வைத்தான்.

கையளவு கால்சைட் படிகம், சுண்ணாம்புப் பாறைக்குள் விளைகிற கல். தேன் நிறம். ஒரு கீறல் இல்லை. அலமாரியில் வைத்து அழகு பார்க்க, கேட்ட விலை கொடுத்து வாங்க ஆட்கள் இருக்கிறார்கள்.

"இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். உனக்கா இப்படிப் புத்தி போச்சு?" என்றார் மேனேஜர்.

மெஷின்காரர் காலி டப்பாவை மூடிக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஒரு கல் இருந்தா பக்கத்துல நூறு இருக்கும். எங்கே எடுத்தேன்னு மட்டும் சொல்லு. உன் வேலைக்கு நான் பொறுப்பு."

"கழிவுக் குவியல்ல கிடந்துச்சு சார்."

"புதுசா உடைஞ்ச கல்லுய்யா இது. யார் காதுல பூ சுத்தறே?"

"அங்கேதான் சார் கிடந்துச்சு."

வேலை போயிற்று. வெளியே கூடி நின்றவர்களில் அவர் மனைவியின் தம்பியும் இருந்தான். அதே ஷிப்டில் வேலை பார்ப்பவன்.

"இனிமே என் முகத்துல முழிக்காதீங்க மாமா."

அவர் வீடு போய்ச் சேருமுன் சேதி போய்ச் சேர்ந்திருந்தது.

"எடுத்ததுதான் எடுத்தீங்க. இடத்தைச் சொல்லியிருந்தா வேலையாவது மிஞ்சியிருக்குமே," என்று மனைவி அழுதாள். "கல்லை வித்து எந்தக் கோட்டையைப் பிடிக்கப் பார்த்தீங்க?"

"விக்கறதுக்கு இல்லை. யார் கண்ணுலயும் படாம ஆத்துல போடத்தான் எடுத்துட்டு வந்தேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"தண்ணி கசிஞ்சு கசிஞ்சு பாறையை அரிச்சுப் பொந்தாக்கும். அந்தப் பொந்துலதான் இந்தக் கல்லு ஆயிரக்கணக்கான வருஷமா வளருது. கல்லு இவ்வளவு பெருசுன்னா பொந்து எவ்வளவு பெருசு? விளக்கடிச்சுப் பார்த்தேன். மேல்பாறை விரிசல் விட்டு நிக்குது. துளையை அடைச்சுட்டு, அந்தப் பக்கம் தாது இல்லைன்னு சொல்லி மெஷினைத் திருப்பிட்டேன்."

"ஆபத்துன்னு மேனேஜர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"போன தடவை சொன்னேன். 'பார்த்துப் போங்கப்பா'ன்னு ரெண்டு பேரை உள்ளே அனுப்பினாங்க. கல்லெல்லாம் வெளியே வந்துச்சு. அவங்க வரலை."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என் தம்பிகிட்டயாவது சொல்லியிருக்கலாம். உங்களைத் திருடன்னு நம்ம வாசல்ல நின்னு கத்திட்டுப் போறான்."

"கத்தட்டும்," என்றார் அவர். "பொந்துக்குள்ள ஒல்லியான ஆளைத்தான் அனுப்புவாங்க. எங்க ஷிப்டுல ஒல்லி அவன் ஒருத்தன்தான்."