தாடை வழியே ஏறும் சுருதி

புனே கேம்ப் தேவாலயத்தின் பாடகர் மாடத்தில் சாயங்கால வெயில் சாய்ந்து கிடக்கிறது. ஜெசிந்தா வயலினைத் தாடைக்கடியில் அழுத்திக்கொள்கிறாள். ஒரு மாதமாக இடது காது அடைத்திருக்கிறது, இடக்கை விரல்கள் மரத்திருக்கின்றன. தலை சுற்றினால் விழாமலிருக்கக் கால்களைப் பெஞ்சுக்காலில் பின்னி வைத்திருக்கிறாள். "டாக்டர் 'சப் நார்மல் ஹை', எல்லாம் சரியா இருக்குன்னுட்டாராமே, அப்புறம் ஏம்மா இப்படி? இன்னைக்கு வேணா ரெஸ்ட் எடு" என்கிறார் குழுத்தலைவர் சவரிமுத்து. "இந்த நோய்க்கு ஒரு பேரை டாக்டருங்க மெதுவா கண்டுபிடிக்கட்டும் அண்ணே. நீங்க ஆரம்பிங்க." குழு பாடத் தொடங்குகிறது; விரல்கள் தந்தியில்தான் இருக்கின்றனவா என்று பார்த்துப் பார்த்து வாசிக்கிறாள். காது வாங்க மறுக்கும் நாதம் தாடையெலும்பு வழியே ஏறுகிறது. பாட்டின் இரண்டாம் அடியில் வில் நிற்கிறது. "பின்வரிசையில சுருதி இறங்குது" என்கிறாள். இரண்டு காதும் நன்றாகக் கேட்கிற பின்வரிசை தொண்டையைச் செருமிக்கொள்கிறது.